கோழிக்கூடு என்று சொன்ன வாய்

அந்த அதிகாரியின் கையில் சிவப்புச் சாய டின் இருந்தது. குலுக்கினால் உள்ளே ஒரு குண்டு உருளும். கடகட, கடகட. ஒவ்வொரு வாசலிலும் நின்று குலுக்குவார். கதவோரச் சுவரில் ஸ்ஸ் என்று ஓர் எண் விழும். எண் விழுந்தால் வீடு உண்டு. ரப்பர் தோட்டத்தை வாங்கிய கம்பெனி கட்டித் தரப்போகும் வரிசை வீடுகளில் ஒன்று. எண் விழாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

நான் அவருக்கு ஓரடி பின்னால், கையில் ஃபைலோடு நடந்துகொண்டிருந்தேன். குடியிருப்போர் குழுவின் செயலாளர் நான். மலாயில் கடிதம் எழுதத் தெரியும் என்பதற்காகக் கொடுத்த பதவி. வீரத்துக்காக யாரும் கொடுக்கவில்லை.

நாற்பத்தொன்று வரை விழுந்தாயிற்று. கடைசி லயத்தின் கடைசி வீடு அது. அதற்கப்புறம் ஒரு கால்வாய், கால்வாய்மேல் ஒற்றைப் பலகை. பலகைக்கு அந்தப் பக்கம் ஈரம்மாக்காவின் வட்ட வீடு. மூங்கில் தட்டியை வளைத்துக் கட்டிய சுவர். மேலே கூம்பாக லாலாங் புல் கூரை, அதில் பாதிக்கு நீலத் தார்ப்பாய். வாசல் என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வரும், அவ்வளவுதான்.

அதிகாரி டின்னைக் குலுக்குவதை நிறுத்தினார். தாடையால் அந்தப் பக்கம் காட்டினார்.

"இனி ஆப்பா?"

இது என்ன என்று கேட்டார். மிரட்டவில்லை, முறைக்கவில்லை. பசியாறப் போகிற அவசரத்தில் கேட்ட கேள்வி.

பயத்தில் என் வாய் பதில் சொன்னது.

"ரெபான் ஆயாம், என்சே."

கோழிக்கூடு, ஐயா.

சொல்லி வாயை மூடவில்லை, உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "கொக்... கொக் கொக் கொக்."

ஈரம்மாக்காதான். அறுபத்திரண்டு வயது. முப்பது வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் இறக்கியவள். தன் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு கோழி மாதிரிக் கொக்கரித்தாள்.

அதிகாரி சிரித்தார். முட்டை நிறைய போடுமா என்று கேட்டார். நானும் சிரித்தேன். தாளில் ஏதோ எழுதினார், டின்னை மூடினார், காருக்குப் போய்விட்டார்.

பல் டாக்டருக்குப் பயந்து மூன்று வாரம் கஞ்சி குடித்த கதையைப் போன வாரம் இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு லோபாக் சந்தையில் ஒருவர் காய்கறிக் கடையில் என்னைப் பிடித்துக்கொண்டு, 'இவ்ளோ பயந்தாங்கொள்ளியா நீங்க' என்று சிரித்தார். சிரிக்கட்டும். அந்தப் பயத்தில் என் பல் மட்டும்தான் கெட்டது. இந்தப் பயத்தில் இன்னொரு மனுஷியின் வீடு போனது.

எங்கள் தோட்டத்துக் கட்டடக் கலை

தோட்டம் அறியாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு வீடு. ஒரு கூடம், ஓர் அறை, ஒரு குசினி. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர் உண்டு, ஆனால் அது கூரை வரைக்கும் போகாது. பாதியில் நின்றுவிடும். மேலே காலியிடம். முதல் வீட்டில் வெங்காயம் வதக்கினால் பன்னிரண்டாம் வீட்டில் கண் எரியும்.

பிள்ளைகள் பெருகுவார்கள், அறை பெருகாது. அதனால் ஆளாளுக்குப் பின்பக்கம் பலகையும் தகரமும் வைத்து ஒரு சாய்ப்பு இறக்குவோம். தோட்டத்துச் சட்டப்படி அது கூடாது. மாதம் ஒருமுறை கிராணி லயம் பார்க்க வருவார். அவர் ஆபீஸ்காரர், கையில் நோட்டும் காலில் பளபளக்கும் சப்பாத்துமாக வருவார். புதுச் சாய்ப்பு கண்ணில் பட்டால் அன்றைக்கே இரண்டு ஆளை விட்டுப் பிரித்துப் போட்டுவிடுவார்கள்.

கோழிக்கூட்டுக்கு மட்டும் அனுமதி உண்டு.

ஆக, எங்கள் தோட்டத்தில் லயத்தைத் தவிர மற்றதெல்லாம் கோழிக்கூடு. என் அண்ணனுக்கு முதலிரவு நடந்தது கோழிக்கூட்டில். நான் பரீட்சைக்குப் படித்தது கோழிக்கூட்டில். அம்மை போட்டவர்களைப் படுக்க வைத்ததும் அங்கேதான். 'கிராணி வர்றாரு' என்று முதல் லயத்திலிருந்து குரல் வந்தால், அந்த நேரத்தில் கூட்டுக்குள் யார் இருந்தாலும் கொக்கரிக்க வேண்டும். காய்ச்சல்காரனும் கொக்கரிப்பான், புதுப் பெண்ணும் கொக்கரிப்பாள். வீட்டு ஆள் வெளியே நின்று, ரெபான் ஆயாம் என்று பணிவாகச் சொல்வான்.

இது எங்களுக்குப் பெரிய தமாஷ். யார் நன்றாகக் கொக்கரிக்கிறார்கள் என்று போட்டிகூட உண்டு. சின்ன வயதில் ஈரம்மாக்காவை அடிக்க ஆளே கிடையாது. அவள் குரல் கொடுத்தால் நிஜச் சேவல் ஓடி வந்து கூட்டைச் சுற்றும்.

கிராணிக்கும் தெரியும். ஒருநாள் எங்கள் வீட்டுப் பின்னால் நின்று என் அப்பாவிடம், 'உங்க கோழிங்க நல்லா வளருது லா, ரேடியோ எல்லாம் கேக்குதே' என்றார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார். எத்தனை நல்ல மனுஷன், தெரிந்தும் விட்டுவிட்டார் என்று வருஷக் கணக்கில் அந்தக் கிராணியைப் புகழ்ந்திருக்கிறோம்.

இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. என்ன நல்ல மனுஷன்? உள்ளே ஆள் இருப்பது அவருக்குத் தெரியும். இருந்துகொள்ளலாம், ஆனால் ஆளாக இருக்கக் கூடாது, கோழியாக இருக்க வேண்டும். அதுதான் அவர் கொடுத்த சலுகை. நாங்கள் அதற்கு நன்றி சொல்லி, பொங்கலுக்கு அவர் வீட்டுக்குக் கரும்பு வேறு கொண்டுபோய்க் கொடுத்தோம்.

மூலை இல்லாத வீடு

ஈரம்மாக்காவின் அப்பா பெயர் லிங்கய்யா. எங்கள் தோட்டத்தில் தெலுங்குக்காரர்களுக்கென்றே இரண்டு லயம் இருந்தது. அவர்களுக்குள்ளேயும் லிங்கய்யா ஒட்டாத ஆள். செஞ்சு ஆளுங்க, காட்டு ஆளுங்க என்று தனியாகச் சொல்வார்கள். ஆந்திராவில் நல்லமலைக் காட்டுக்குள் இருக்கிற சனம். லிங்கய்யாவின் தாத்தா எப்படியோ மலையடிவாரத்திலிருந்து கிளம்பிய கூட்டத்தோடு சேர்ந்து கப்பல் ஏறிவிட்டார். கங்காணிக்குத் தலை எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும். எந்தத் தலை காட்டிலிருந்து வந்தது என்று அவர் ஏன் கேட்கப் போகிறார்.

ரெம்பாவ் போகிற தார்ச் சடக்கிலிருந்து உள்ளே வந்து இந்தத் தோட்டத்தில் இறக்கினார்கள். லிங்கய்யா காலத்தில் அவருக்குக் கொடுத்தது கடைசி லயத்தில் கடைசி வீடு. அவருக்குத் தூக்கமே வரவில்லையாம். பாதிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவன் இருமுவான். அவன் இருமி முடிப்பதற்குள் அடுத்த வீட்டுக்காரன் ஆரம்பிப்பான்.

பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கும் இடத்தில், அவர் என் அப்பாவுக்குப் பக்கத்தில் நிற்பார். அங்கே சொன்ன விஷயம் இது. அவர்கள் காட்டில் குடியிருப்புக்குப் பெண்டா என்று பெயர். ஒரு பெண்டாவில் நாலைந்து குடிசைதான் இருக்கும். எல்லாம் வட்டமாக, எல்லாம் தள்ளித் தள்ளி. தாத்தா அவருக்குச் சொன்ன கணக்கு இதுதான்: கூப்பிட்டால் கேட்க வேண்டும், இருமினால் கேட்கக் கூடாது. அவ்வளவு தூரம் இரண்டு வீட்டுக்கு நடுவே. சண்டை வந்தால் ஒரு குடும்பம் சட்டி பானையை எடுத்துக்கொண்டு சொந்தக்காரர் இருக்கிற வேறு பெண்டாவுக்குப் போய்விடும். பழைய குடிசை மழையில் மக்கிப் போகும், சண்டையும் அதோடு மக்கிப் போகும்.

எங்கள் லயத்தில் சண்டை மக்காது. ஒரு பலாப்பழத்துக்காக என் அப்பா பக்கத்து வீட்டோடு பேச்சை நிறுத்தினார். நான் இன்றுவரை அந்த வீட்டோடு பேசுவதில்லை. நடுவில் பாதிச் சுவர்தான். அவர்கள் வீட்டில் யாருக்கு வாயுத் தொல்லை என்பது வரை எனக்குத் தெரியும். ஆனால் பேச்சு இல்லை.

லிங்கய்யா என்ன செய்தாரென்றால், மனைவியை லய வீட்டுக்குள் நிற்க வைத்து இருமச் சொன்னார். இவர் காதைத் தீட்டிக்கொண்டு பின்னால் நடந்தார். கால்வாயைத் தாண்டி, புல்லுக்குள் இறங்கி, இருமல் காதில் விழாத இடம் வந்ததும் நின்று ஒரு மூங்கிலை ஊன்றினார். அதுதான் அந்த வீடு. லயமே கைதட்டிச் சிரித்ததாம். அடுத்த மாதம் கிராணி வந்து அது என்னவென்று கேட்டபோது லிங்கய்யாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. முன்னால் வந்து பதில் சொன்னது யார் என்கிறீர்கள்? என் அப்பா.

கோழிக்கூடு, ஐயா.

ஆக, இந்தப் பொய் எனக்குப் பரம்பரைச் சொத்து.

அந்த வீட்டுக்குள் நான் முதல் தடவை குனிந்து நுழைந்தபோது எனக்குத் தோன்றிய ஒரே விஷயம், இங்கே மூலை இல்லை என்பதுதான். எங்கள் அம்மா அடிக்கடி கொடுக்கும் தண்டனை, போய் மூலையில் நில் என்பது. இங்கே எங்கே நிற்க வைப்பார்கள்? இன்னொன்று மழை. லயத்துத் தகரக் கூரையில் மழை விழுந்தால் பேச்சு கேட்காது, பாத்திரத்தைத் தட்டித்தான் கூப்பிட வேண்டும். அந்தப் புல் கூரையில் மழை பெய்வதே தெரியாது. காய்ந்த புல்லும் பழைய புகையுமாக ஒரு வாசம் வரும். வாசலில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தால்தான் வெளியே கொட்டுகிறது என்று தெரியும்.

இதைச் சொன்னதும் அடடா, எத்தனை அழகு என்று கிளம்பிவிடாதீர்கள். ஈரம்மாக்காவிடம் சொன்னால் அடிப்பாள். கூரையிலிருந்து பூரான் விழும். புகையில் கண் கலங்கும். வேலையிலிருந்து நின்ற பிறகு லயத்தில் காலியாக இருந்த வீட்டை இரண்டு முறை கேட்டாள். லயம் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் என்றார்கள். வெளியாட்கள் வாடகைக்கு இருந்தார்கள், அது பரவாயில்லையாம். அவளும் கேட்பதை விட்டுவிட்டு, பழைய லாலாங்கைப் பிய்த்துப் போட்டு, தார்ப்பாய் வாங்கிக் கட்டினாள்.

நாற்பத்தொன்றோடு முடிந்தது

பட்டியலைக் கோயில் சுவரில் ஒட்டினார்கள். நாற்பத்தொரு பெயர். என் பெயர் பதினேழு. ஈரம்மாக்கா பெயர் இல்லை.

அவள் எங்கள் வீட்டுக்கு வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஐம்பத்து மூன்று வயது ஆண்மகன், தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பெரிய பஸ்ஸை நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவன், நேராகப் பின்பக்கச் சாய்ப்பில் இருக்கும் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். என் மனைவி செல்வி காட்டிக்கொடுத்துவிட்டாள். 'உள்ளதான் இருக்காரு, அங்கயே பேசுங்கக்கா' என்று ஒரு நாற்காலியையும் இழுத்துப் போட்டாள்.

ஈரம்மாக்கா குளியலறைக் கதவுக்கு எதிரே உட்கார்ந்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நான் ஏதாவது தமாஷ் பண்ணித் தப்பித்திருப்பேன்.

"மாரி, நீ பொய் சொன்னது பெரிசில்ல. அது உங்க வீட்டுப் பழக்கம். நான் என் வீட்டுல உக்காந்திருக்கேன். ஒருத்தரும் என் கழுத்தப் புடிக்கல. நான் ஏன்டா கொக்கரிச்சேன்?"

நான் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. போகும்போது செல்வியிடம், 'அவன் பயந்து சொன்னான். நான் பயப்படக்கூட இல்லடி. தானா வந்துச்சு' என்றாள். கதவுக்குப் பின்னால் வாளிமேல் உட்கார்ந்திருந்த எனக்கு அப்போதுதான் முதல் தடவையாகக் கோபம் வந்தது. அதுவரைக்கும் எல்லாம் பயம்தான்.

இரண்டு பக்கமும் அடைத்த கூடு

கம்பெனியின் கிளை அலுவலகம் அம்பாங்கானில், கடை வரிசையில் மேல்மாடி. கவுண்டரில் நம் பெண் ஒருத்தி, இருபத்தைந்து வயதிருக்கும். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "அங்கிள், ஏன் அப்டி சொன்னீங்க?" என்றாள். நியாயமான கேள்வி. அதற்கு நான் கிராணியிலிருந்து ஆரம்பித்தேன். பாவம், அவளுக்குக் கிராணி என்றால் என்னவென்றே தெரியவில்லை.

அவள் கணினியைப் பார்த்துச் சொன்னதன் சாரம் இது. பதிவில் கோழிக்கூடு என்று இருந்தால், கோழிக்கு வீடு கிடையாது. புது வீட்டுப் பகுதிக்குக் கோழி கொண்டுவரவும் கூடாது. சரி, அது கோழிக்கூடு இல்லை, வீடு என்றால், தோட்டத்தின் அனுமதி இல்லாமல் கட்டிய வீடு. அதற்கும் எண் கிடையாது.

இரண்டு பக்கமும் அடைத்துவிட்டு நடுவில் ஓர் ஆளை உட்கார வைத்திருக்கிறார்கள். கூடு என்றால் இதுதான் கூடு.

எனக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது, வியர்வை வரும். கவுண்டர் கண்ணாடியில் என் கை அச்சு ஈரமாகப் பதிந்தது. அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டு ஒரு கோப்பைத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னாள். அந்த வீட்டில் அவர் பிறந்ததிலிருந்து இருக்கிறார் என்றால், நீண்ட காலக் குடியிருப்பாளர் என்று மறுஆய்வு கேட்கலாம். ஆனால் முதலில் சொன்ன ஆள், தான் சொன்னது பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பொய்த் தகவல் கொடுத்தவரின் சொந்த விண்ணப்பத்தையும் நிறுத்தி வைக்க அவர்களுக்கு உரிமை உண்டு.

அதாவது, என் பதினேழு.

மறுஆய்வு விண்ணப்பப் பாரத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். நாலு நாள் அதை அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருந்தேன். எடுப்பேன், பேனாவைத் திறப்பேன், மை வரவில்லை என்று சொல்லி மூடுவேன். மை எல்லாம் நன்றாகத்தான் வந்தது. ஐந்தாம் நாள் செல்வி பாரத்தை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"போடுங்க."

"பதினேழு போச்சுன்னா?"

"போனா ஈரம்மாக்கா வீட்டுப் பக்கத்துல ஒண்ணு கட்டிக்குவோம். இருமுனா கேக்காத தூரத்துல. உங்க குறட்டைக்கு அதான் சரி."

போட்டேன். என் கையெழுத்து பூரான் நடந்த மாதிரி இருந்தது.

குனிந்து வரச் சொல்

மறுஆய்வுக்கு அதே அதிகாரிதான் வந்தார். அதே டின், அதே கடகட. கால்வாய்ப் பலகைக்கு இந்தப் பக்கம் தோட்டமே கூடி நின்றது. அவர் தாளைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முறைப்படி கேட்க வேண்டுமாம். அதே கேள்வியைக் கேட்டார்.

"இனி ஆப்பா?"

சத்தியமாகச் சொல்கிறேன், என் நாக்கு மறுபடியும் 'ரெ' என்று ஆரம்பித்தது. ஐம்பது வருஷப் பழக்கம். பல்லைக் கடித்தேன். போன வாரம் எழுதினேனே, அந்தப் பல்தான். வலி மண்டைக்கு ஏறியது. அந்த வலியில் சொன்னேன்.

"ரூமா, என்சே. ரூமா ஒராங்."

வீடு. ஆள் இருக்கிற வீடு.

உள்ளேயிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. எல்லோரும் அந்த வட்டச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு ஈரம்மாக்காவின் குரல் வந்தது, நிதானமாக.

"உள்ள வரச் சொல்லு மாரி. குனிஞ்சு வரணும்னு சொல்லு."

அதிகாரி குனிந்தார். உயரமான மனிதர், நன்றாகவே குனிய வேண்டியிருந்தது. தொப்பி வாசலில் தட்டி விழுந்தது. பின்னாலேயே நானும் நுழைந்தேன். ஈரம்மாக்கா நடுவில் பாயில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் அடுப்பு, சுவரோடு சுற்றிவரச் சட்டி பானை, துணிப் பெட்டி, லிங்கய்யாவின் படம். எவ்வளவு நாளாக இங்கே என்று அவர் கேட்டார். பிறந்ததிலிருந்து என்றாள், அவர் பாஷையிலேயே. அவர் ஒரு முழுச் சுற்று பார்த்தார். வெளியே வந்து தொப்பியை எடுத்துத் தட்டிப் போட்டுக்கொண்டு டின்னைக் குலுக்கினார்.

இங்கேதான் வினை. மூங்கில் தட்டியில் சாயம் நிற்கவில்லை. அடித்ததில் பாதி இடுக்கு வழியாக உள்ளே போய் ஈரம்மாக்காவின் சோற்றுப் பானையில் விழுந்தது. வெளியே சிவப்பாக ஏதோ தெளித்த மாதிரி இருந்ததே தவிர எண் தெரியவில்லை. படம் பிடித்து அனுப்ப வேண்டும், தட்டையாக ஒரு பலகை கொண்டு வா என்றார்.

பதற்றம் வந்தால் எனக்குக் கால்தான் முதலில் வேலை செய்யும். ஓடினேன். என் வீட்டுப் பின்னால் கண்ணில் பட்ட முதல் பலகையைக் கெல்லி எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் அதில் 42 என்று போட்டார். வாசலுக்குப் பக்கத்தில் கட்டினோம். படம் எடுத்தார். தோட்டமே கைதட்டியது. நான் தலைவன் மாதிரி கையசைத்தேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது வழியெல்லாம் என் கோழிகள் திரிந்துகொண்டிருந்தன. அப்போதுதான் புரிந்தது. நான் பெயர்த்து வந்தது என்னுடைய நிஜக் கோழிக்கூட்டின் கதவு.

சொன்னது போதும்

புதுப் பட்டியல் போன மாதம் வந்தது. நாற்பத்திரண்டாவதாக ஈரம்மாக்கா பெயர் இருக்கிறது. எல்லோரும் மகிழ்ந்தோம், பக்கத்துக் கட்டத்தைப் படிக்கும் வரைக்கும். கட்டட வகை என்ற இடத்தில் மற்றவர்களுக்கெல்லாம் தொழிலாளர் வீடு. அவளுக்கு, ஆள் குடியிருக்கும் கோழிக்கூடு.

அம்பாங்கானுக்கு ஓடினேன். கவுண்டர்ப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். முதல் பதிவை அழிக்க முடியாதாம், மேலே சேர்க்க மட்டும்தான் முடியுமாம். திருத்தலாமா என்று பெரிய ஆபீசில் யோசித்திருக்கிறார்கள். ஆனால் படத்தைப் பார்த்தார்களாம். படத்தில் எண் இருந்தது எச்சம் காய்ந்த கோழிக்கூட்டுக் கதவில். சரிதானே என்று விட்டுவிட்டார்களாம்.

முதல் தடவை வாயால் கெடுத்தேன், இரண்டாம் தடவை காலால் கெடுத்தேன். இந்தக் குடும்பத்துக்கு நான் உதவி செய்யாமல் இருந்தாலே போதும்.

ஆனால் என்னை மட்டும் திட்டி இதை முடிக்க எனக்கு மனமில்லை. அந்த மனுஷியின் வீட்டுக்குள் ஒருவர் குனிந்து போய்ப் பார்த்திருக்கிறார். பானையைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், அப்பா படத்தைப் பார்த்தார். பார்த்த பிறகும் தாளில் கோழிதான் நிற்கிறது. கிராணிக்குத் தெரிந்த மாதிரி இவர்களுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே எழுதுகிறார்கள்.

போன வாரம் ஈரம்மாக்காவை ஒப்புதல் பாரத்தில் கையெழுத்துப் போட அழைத்துப் போனேன். கையெழுத்துப் போட்டால் சாவி வரும், வீடு வரும். பேசாமல் போட்டுவிடுக்கா, வெறும் தாள்தானே என்று பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கவுண்டரில் பேனாவை வாங்கினாள். அந்த வரி எது என்று என்னிடம் கேட்டாள். காட்டினேன். அதன்மேல் ஒரு கோடு போட்டாள். திரும்ப ஒன்று, திரும்ப ஒன்று. கட்டம் முழுவதும் மை ஆகித் தாள் லேசாகக் கிழிகிற வரைக்கும் அடித்தாள். பிறகு கீழே தன் பெயரை எழுதினாள்.

கவுண்டர்ப் பெண் எழுந்தே விட்டாள். "பாட்டி, ஆபீஸ் பதிவுல அடிக்கக் கூடாது."

"உன் பதிவ நான் அடிக்கலம்மா. கோழியத்தான் அடிச்சேன்."

அந்தத் தாள் மேலே போயிருக்கிறது. ஏற்றுக்கொள்வார்களா, புதுப் பாரம் கேட்பார்களா, நாற்பத்திரண்டையே எடுத்துவிடுவார்களா, தெரியாது. என் பதினேழும் நிறுத்தி வைத்த கணக்கில்தான் இருக்கிறது. எனக்கு இரவில் தூக்கம் இல்லை. ஈரம்மாக்கா நன்றாகத் தூங்குகிறாள் என்று கேள்வி.

இந்த அத்தியாயத்தின் இரண்டு பிரதியை எடுத்து அந்தக் கோப்போடு சேர்க்கப் போகிறேன். அதனால் அலுவலக நடையில் ஒரு வரி எழுதிவிடுகிறேன்: கடைசி லயத்துக் கால்வாய்க்கு அப்பால் இருப்பது வீடு. அது கட்டிய நாளிலிருந்தே வீடு. கோழிக்கூடு என்று முதலில் சொன்னது என் அப்பா, பிறகு சொன்னது நான். இரண்டும் பொய். தெரிந்துகொண்டே அதை எழுதி வைத்தது நீங்கள்.

அந்தக் கதவுப் பலகையை அவள் கழற்றி என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். என் கோழிகளுக்கு இப்போது வீட்டு எண் 42. காலையில் பஸ்ஸை எடுக்கப் போகும்போது நான் கால்வாய்ப் பக்கம் நின்று, அக்கா என்று ஒரு குரல் கொடுக்கிறேன். உள்ளேயிருந்து பதில் வருகிறது. லயத்துப் பொதுக் கக்கூஸில் யாராவது கதவைத் தட்டினால் நாங்கள் கத்துவோமே, அதே இரண்டு வார்த்தைதான். முதல் நாள் கேட்டபோது நான் சிரித்துவிட்டேன். இப்போது சிரிப்பதில்லை, கேட்டுவிட்டுத்தான் வண்டி எடுக்கிறேன்.

"ஆளு இருக்கு."